புள்ளி நிற்கும் இடம்

அச்சடிப்பதற்காக லினோவில் (லினோலியக் கட்டையில்) தமிழ் எழுத்து வெட்டுகிறவர்களுக்கு முதலில் தொல்லை கொடுப்பது புள்ளி. 'புத்தளம்' என்ற சொல்லில் அது இரண்டு இடத்தில் வருகிறது. எழுத்தின் உடம்பு பெரும்பாலும் தொடர்ந்து ஓடும் ஒரே கோடு. உளி சற்று நடுங்கினாலும் பக்கத்துக் கோடு தாங்கிக்கொள்ளும். புள்ளிக்கு அந்தத் துணை இல்லை. சுற்றிலும் உள்ளதையெல்லாம் அகழ்ந்து எடுத்த பிறகு மிளகளவு துண்டு ஒன்று தனியே நிற்க வேண்டும். மை உருளை அதன்மேல் ஏறி இறங்கும்போதும், தாளைப் பரப்பிக் கரண்டி முதுகால் தேய்க்கும்போதும் அது அசையக் கூடாது.

"சேர், புள்ளி நிக்குதில்ல, பேந்து பேந்து வருது" என்று சொல்லிக்கொண்டிருந்த பிள்ளைதான், என் முன்னால் இருக்கும் இந்தப் 'புத்தளம்' அச்சைப் போட்டவள். கற்பிட்டிப் பக்கம் வீடு. உயர்தரத்தில் சித்திரம் ஒரு பாடம். கொழும்புக்குப் போய் கிராஃபிக் டிசைன் படிக்க எண்ணம். அதற்கு முன்னோடியாக லினோ அச்சும் சாந்துச் சிற்பமும் பழகுகிறாள். கொம்பியூட்டரில் வேலை செய்யப்போகிற பிள்ளைக்கு உளி எதற்கு என்று உம்மா கேட்டாராம். கேட்கத்தக்க கேள்விதான். பதில் இந்தத் தாளில் இருக்கிறது. ஆனால் தாளை மட்டும் பார்த்தால் தெரியாது, கட்டையையும் கையில் எடுத்துப் பார்க்க வேண்டும்.

தாளில் புள்ளி தட்டை. கட்டையில் அது ஒரு குன்று. மேற்பரப்பு சிறியது, அடி அகன்றது, நான்கு பக்கமும் சரிவு. முன்பு பேர்ந்து விழுந்தவையெல்லாம் நேர்ச்சுவராக, சில இடங்களில் உள்நோக்கிக் குடைந்து வெட்டப்பட்டவை. சரிவு வைக்கும் யோசனையை அவளுக்குக் கொடுத்தது அச்சு அல்ல, சாந்து. வார்த்த சாந்துப் பலகையில் ஒரு சிப்பியைப் புடைப்பாகச் செதுக்கியபோது, விளிம்புக்கு அடியில் குடைந்த இடமெல்லாம் உதிர்ந்துபோயிற்று. வெளிநோக்கிச் சரித்த இடம் நின்றது. அந்தப் பாடத்தைக் கேட்காமலேயே லினோவுக்குக் கொண்டுவந்திருக்கிறாள். நான் இந்த அச்சில் முதலில் ரசித்தது இதைத்தான்: அச்சில் ஒருநாளும் விழாத ஒரு சரிவு, அச்சில் விழும் புள்ளியைத் தாங்கி நிற்பது.

அடுத்தது, எல்லாவற்றையும் திருப்பி வெட்டுவது. ப-வுக்குக் கவலையில்லை, இடமும் வலமும் ஏறத்தாழ ஒன்றுதான். ட திரும்பினால் எழுத்தாகவே இல்லாமல் போய்விடுகிறது. த-வின் வால் போகிற திசையைக் கை மறந்துவிடும். பழக்கத்தால் எழுதிக்கொண்டிருந்த எழுத்தை, திருப்பிப் போட்டவுடன்தான் கண் வடிவமாகப் பார்க்கத் தொடங்குகிறது. இவள் அச்சில் ள-வைப் பாருங்கள். சுழியின் உள்ளே விட்ட வெள்ளையும், வளைவுக்குக் கீழே விட்ட வெள்ளையும் அளவில் வேறு, ஆனால் கனத்தில் ஒன்று. அந்தச் சமன் தற்செயலாக வருவதில்லை. உளி தொட்டது முழுவதும் வெள்ளை. அவள் வெட்டியது எழுத்தை அல்ல, எழுத்தைச் சுற்றியிருந்த வெளியை. ம-வில் மட்டும் கொஞ்சம் அவசரம் தெரிகிறது, வயிறு அடைத்துக்கொண்டிருக்கிறது. இருக்கட்டும்.

தமிழ் எழுத்து அச்சுக்கு வந்ததே சிற்பத்தின் வழியாகத்தான். உருக்கு முனையில் எழுத்தைத் திருப்பிச் செதுக்கி, செம்பில் அடித்து, அந்தக் குழியில் ஈயத்தை வார்ப்பது பழைய அச்செழுத்து முறை. 1578இல் கொல்லத்தில் அச்சான 16 பக்கத் 'தம்பிரான் வணக்கம்' நூலின் எழுத்துகளில் புள்ளி இல்லை. ஓலையிலும் புள்ளியை விட்டுவிடுவதே வழக்கம். எழுத்தாணி குத்தினால் ஓலை பொத்துப்போகும். ஓலையைப் பார்த்து உலோகம் வெட்டியவர்கள் ஓலையின் பயத்தையும் சேர்த்தே வெட்டினார்கள் என்று எனக்குத் தோன்றும். புள்ளி அச்சில் நிலைபெற்றது பின்னர்தான்.

கற்பிட்டியில் இருந்துகொண்டு எழுத்து வெட்டப் படிப்பதில் ஒரு வசதி உண்டு. 17ஆம் நூற்றாண்டில் டச்சுக்காரர் கட்டிய கோட்டை அங்கே இருக்கிறது, இப்போது கடற்படையின் பொறுப்பில். ஊருக்குள் புனித பேதுரு தேவாலயத்தில் டச்சுக் காலத்துக் கல்லறைக் கற்கள் இருக்கின்றன. இலங்கையில் அவர்கள் விட்டுப்போன இத்தகைய கற்கள் பலவற்றில் எழுத்து உள்ளே வெட்டப்பட்டதல்ல. சுற்றிலும் கல்லைக் குறைத்து, எழுத்தையும் குலச்சின்னத்தையும் மேலே நிற்க விட்டிருப்பார்கள். கொழும்பு வொல்வெந்தால் தேவாலயத்தில் பார்த்தவர்களுக்குத் தெரியும். லினோக் கட்டையின் இலக்கணமும் அதுவேதான், திருப்பி வெட்டாதது ஒன்றே குறை. நம் பக்கத்துக் கல்வெட்டுகளின் வழி வேறு. முன்னேஸ்வரத்தில் ஆறாம் பராக்கிரமபாகு காலத்து 15ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு இருக்கிறதே, அதில் எழுத்து கல்லுக்குள் இறங்கியது.

இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை மைப்படி எடுத்தால் உடனே காணலாம். நனைத்த தாளைக் கல்லின்மேல் ஒட்டி, தூரிகையால் அடித்துப் பள்ளங்களுக்குள் இறக்கி, மையை ஒற்றி எடுப்பார்கள். இறக்கி வெட்டிய எழுத்து கறுப்பு நடுவே வெள்ளையாக வரும். ஏற்றி வெட்டியது கறுப்பாக வரும். சிற்பமும் அச்சும் ஒரே தாளில் சந்திக்கிற தொழில் இது. தொல்லியலாளர் அதைப் படிப்பதற்காகச் செய்கிறார்கள். வடிவம் பழகுகிறவர்கள் பார்ப்பதற்காகவே செய்யலாம். இந்தப் பிள்ளை பழைய கற்களில் கை வைக்கவில்லை, அதற்கு அனுமதி வேண்டும். தன் சாந்துப் பலகையிலேயே 'உப்பு' என்று ஒருமுறை ஏற்றியும் ஒருமுறை இறக்கியும் வெட்டி, இரண்டுக்கும் மைப்படி எடுத்திருக்கிறாள். ஏற்றி வெட்டியதில் எழுத்து தடித்துத் தெரிகிறது. இறக்கி வெட்டியதில் அதே அகலக் கோடு மெலிந்து தெரிகிறது, தாள் பள்ளத்தின் சரிவில் மையை வாங்கிக்கொண்டதால். திரையில் கறுப்பின்மேல் வெள்ளை எழுத்து வைக்கும்போது கனத்தை மாற்ற வேண்டும் என்று டிசைன் வகுப்பில் சொல்லித்தருவார்கள். அங்கே காரணமும் போக்கும் வேறு, ஆனால் ஒரே கோடு கனம் மாறித் தெரியும் சங்கடம் இதேதான். அவளுக்கு அது விதியாக அல்ல, விரலில் ஒட்டிய மையாக வந்துசேர்ந்திருக்கிறது.

சிற்பமும் வரைகலையும் ஒரே கையில் கூடிய ஆள் இலங்கையில் லக்கி சேனாநாயக்க (1937–2021). பாராளுமன்றத்தின் தாளிப்பனைப் பூ வடிவ வெள்ளிச் சரவிளக்கும், கந்தலம ஹோட்டல் படிக்கட்டின் மேலே சிறகு விரித்த ஆந்தையும் அவர் செய்தவை. 1979இல் மத்திய வங்கி வெளியிட்ட, விலங்கும் பறவையும் செடியும் நிறைந்த நாணயத்தாள்களை வடிவமைத்தவரும் அவரே. ஒரு தலைவரின் முகமும் அவற்றில் இல்லை. பின்புறம் நெட்டுவாக்கில் அமைந்தது. நம் நாட்டில் அச்சான மிக அழகான தாள் எது என்று கேட்டால் நான் அந்த வரிசையைத்தான் சொல்வேன். தமிழ்நாட்டில் ஆதிமூலம், சென்னை ஓவியக் கல்லூரியில் பயின்றவர், சிறுபத்திரிகைகளுக்கும் நூல் அட்டைகளுக்கும் எழுதிக்கொடுத்த தலைப்பெழுத்துகள் இன்னொரு பாடம். அவற்றில் எழுத்தை உடைத்துப் பிடித்த விதம் எழுத்துருப் பட்டியலில் கிடைக்காது.

கொழும்பு அருங்காட்சியகத்துக்குப் போனால் அவள் தவறாமல் பார்க்க வேண்டியது 1409ஆம் ஆண்டுக் காலி மும்மொழிக் கல். 1911இல் காலியில் கிடைத்தது. சீனம், தமிழ், பாரசீகம் மூன்றும் ஒரே பலகையில், உச்சியில் டிராகன்கள். சீனம் மேலிருந்து கீழே இறங்குகிறது, தமிழ் இடமிருந்து வலம், பாரசீகம் வலமிருந்து இடம். மூன்று திசையில் ஓடும் எழுத்துகளை ஒரு கல்லில் அடுக்கி, ஒன்று மற்றதை மிதிக்காமல் எல்லை வகுத்தவர் யாரோ, அவரை வரைகலைஞர் என்று சொல்லத் தயக்கம் வேண்டியதில்லை.

நம் பெயர்ப்பலகைகளிலும் மூன்று மொழி உண்டு. தமிழ் வரி பெரும்பாலும் நசுங்கித்தான் கிடக்கும், மற்ற இரண்டுக்கும் அளந்த உயரத்தில் மிச்சம் இதற்கு. அவள் இப்போது வெட்டிக்கொண்டிருப்பது 'கற்பிட்டி', மூன்று மொழியிலும். பி-யின் கொக்கியும் டி-யின் கொக்கியும் மேலே ஏறி வளைய இடம் கேட்கின்றன என்பதால், தமிழ் வரியை முதலில் வெட்டி அதன் உயரத்தை வைத்துச் சிங்கள வரியை அளந்திருக்கிறாள். ஆங்கில வரிக்கு இன்னும் உளி எடுக்கவில்லை.