மூன்றரைக்கும் 6-க்கும் நடுவில்

காக்ளியர் இம்ப்ளான்ட் பற்றித் தேடினால் ஒரு கட்டுரையில் போய் நிற்போம். அனு சர்மா, மைக்கேல் டோர்மன், அந்தோனி ஸ்பார் மூவரும் 2002-ல் வெளியிட்டது. பிறவியிலேயே காது கேளாமல், பிறகு கருவி பொருத்திக்கொண்ட 104 குழந்தைகளின் மூளை ஒலிக்கு எவ்வளவு வேகமாகப் பதில் சொல்கிறது என்று அளந்தார்கள். மூன்றரை வயசுக்குள் கருவி கிடைத்தவர்களுக்கு, ஆறே மாசப் பழக்கத்தில், பி1 என்கிற மின் அலை வயசுக்கேற்ற நேரத்தில் வந்தது. 7 வயசைத் தாண்டியவர்களுக்குத் தாமதம். இடைப்பட்டவர்களுக்கு ஒரே மாதிரி இல்லை.

சிதம்பரத்தில் உட்கார்ந்து இதைத் திரும்பப் படிக்கும்போது ரெண்டு விஷயம் இடிக்குது.

ஒண்ணு, இதை மேற்கோள் காட்டும் விதம். பி1 சொல்வது ஒலி மூளைப் புறணிக்குப் போய்ச் சேர்ந்த நேரத்தை மட்டும்தான். குழந்தை எத்தனை வார்த்தை பேசும்னு அது சொல்லாது. ஆனா "மூன்றரைக்குள்ள ஆபரேஷன் பண்ணா பேச்சு வந்துடும்"னு சுருக்கிடறாங்க. 2010-ல் நிபார்கோ குழு 5 வயசுக்குள் கருவி பொருத்திய 188 அமெரிக்கக் குழந்தைகளை 3 வருஷம் பின்தொடர்ந்தது. சீக்கிரம் பொருத்தியவர்களே முன்னால் இருந்தார்கள், சரி. கூடவே, பெற்றோர் பிள்ளையோடு எப்படிப் பழகுகிறார்கள், வீட்டு வசதி என்ன என்பதோடும் பேச்சு வளர்ச்சி சேர்ந்தே போனது. அந்தப் பாதியை யாரும் மேற்கோள் காட்டுவதில்லை.

ரெண்டாவது, வயசு வரம்பு. தமிழக முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் 6 வயசுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு இந்தச் சிகிச்சை உண்டு. பல லட்ச ரூபாய் ஆகும் விஷயம், சாதாரண உதவி இல்லை. வரம்பை மூன்றரைக்கு இறக்கணும்னு நான் சொல்லவே மாட்டேன். நடுவில் இருக்கும் பிள்ளைகளில் பலருக்கும் பலன் இருக்குன்னுதான் அந்தக் கட்டுரையே காட்டுது. பிரச்சினை, 6 என்ற எண்ணை "இன்னும் டைம் இருக்கு"ன்னு குடும்பம் படிப்பதில்தான்.

காட்டுமன்னார்கோயில், புவனகிரி பக்கம் ரெண்டு வயசுப் பேரன் பேசலைன்னா, பாட்டி சொல்லும் முதல் பதில் "அவங்கப்பனும் லேட்டாத்தான் பேசினான்." பாட்டி மேல தப்பில்லை. காது கேளாத குழந்தையும் முதல் சில மாசம் மழலை ஒலி எழுப்பும், சிரிக்கும், முகம் பார்த்துத் திரும்பும். வெளியில் தெரியாத குறை அது. பிறந்த சில நாளில், தூங்கும் குழந்தையின் காதில் சின்னக் கருவியை வைத்து, சில நிமிஷத்தில் சோதிச்சிடலாம். அதைத் தவறவிட்டா, கடலூர், சென்னைன்னு அலைஞ்சு உறுதி பண்றதுக்குள்ள வருஷங்கள் போயிடும்.

ஆபரேஷன் முடிந்தாலும் மேப்பிங், பேச்சுப் பயிற்சின்னு போகணும். ஒவ்வொரு நடையும் ஒரு நாள் கூலி. நிபார்கோ குழு சொன்ன வீட்டு வசதி, நம்ம ஊரில் இந்த பஸ் டிக்கெட்டில்தான் இருக்கு.

மூன்றரை என்ற எண் உண்மைதான். ஆனா அதை ஆபரேஷன் தேதியா மட்டும் படிச்சா பாதிதான் படிச்சிருக்கோம். பிறந்த வார்டிலேயே காதைப் பார்த்தாங்களான்னு கேட்கிறதுதான் மீதி.