துன்பியலும் துன்ப முடிவும்: அரிஸ்டாட்டிலின் இரு அதிகாரங்கள்

கிரேக்கரின் 'டிராகோடியா' என்னும் சொல்லுக்குத் தமிழில் 'துன்பியல்' என்னும் பெயர் நிலைபெற்றுவிட்டது. மூலச்சொல்லில் துன்பம் என்னும் பொருள் இல்லை. ஆட்டையும் பாட்டையும் குறிக்கும் இரு கூறுகளால் ஆனது அது. தமிழ்ப்பெயரோ, முடிவில் துன்பம் நேர்வதே இவ்வகையின் இலக்கணம் என்னும் எண்ணத்துக்கு வழிகோலுகின்றது. கி.மு. 4ஆம் நூற்றாண்டில் அரிஸ்டாட்டில் இயற்றிய 'கவிதையியல்' இவ்வெண்ணத்துக்கு இடந்தருகின்றதா என்பது ஆராயத்தக்கது.

13ஆம் அதிகாரம் இடந்தருவதாகவே தோன்றும். அறத்தில் தலைசிறந்தவனும் அல்லாத, தீயவனும் அல்லாத ஒருவன் பெரும்பிழை ஒன்றினால் நல்வாழ்விலிருந்து வீழ்வதே சிறந்த கதைப்பின்னல் என அது கூறுகின்றது. ஆயின் அடுத்த அதிகாரம் வேறு திசையில் செல்கின்றது. உறவினரைக் கொல்ல முனைந்தோர் உரிய நேரத்தில் உண்மையறிந்து கைவிடுவதே மேலானது என்கின்றது. யூரிப்பிடிஸின் 'தௌரிஸில் இஃபிஜெனியா' அதற்கு ஒரு சான்று. பலிக்கு ஆயத்தம் செய்யும் தமக்கை, பலியாக வேண்டியவன் தன் தம்பியே என அறிகின்றாள், இருவரும் தப்புகின்றனர். அறியாது செய்து பின்னர் அறியும் ஈடிபஸ் வகைக்கு இங்கு இரண்டாம் இடமே.

ஜெர்மானியத் திறனாய்வாளர் லெஸ்ஸிங், 1767-69இல் எழுதிய 'ஹாம்பர்க் நாடகவியலில்' இம்முரணை எடுத்துக்கொண்டார். முன்னைய அதிகாரம் கதைப்போக்கின் மாற்றத்தையும், பின்னையது துயரச் செயலைக் கையாளும் முறையையும் பேசுகின்றன என்பது அவர் விளக்கம். நுட்பமானதெனினும் அது முழுமையன்று. இஃபிஜெனியாவின் நாடகத்தில் பலி தவிர்தலும் நன்முடிவும் பிரிக்கவொண்ணாதன. 6ஆம் அதிகார வரையறை இரக்கத்தையும் அச்சத்தையும் கூறுகின்றதேயன்றி முடிவைக் கூறவில்லை. 7ஆம் அதிகாரமோ இன்பத்திலிருந்து துன்பத்துக்கும், துன்பத்திலிருந்து இன்பத்துக்கும் மாற்றம் நிகழலாம் என ஒப்புகின்றது. எனவே துன்ப முடிவு அரிஸ்டாட்டிலின் ஒரு விருப்பத்தேர்வு, வரையறை அன்று.

இது சொல்லாராய்ச்சியோடு நின்றுவிடுவதன்று. சிலப்பதிகாரத்தைத் துன்பியலாக நோக்குவோர்க்குக் கோவலன் கொலையே முதலில் நினைவுக்கு வரும். அறிதலை அளவுகோலாகக் கொள்ளின், நோக்கு பாண்டியன்பால் திரும்பும். அவன் ஆராயாது ஆணையிடுகின்றான். உடைந்த சிலம்பிலிருந்து முத்தன்றி மாணிக்கம் தெறித்தபோது உண்மையறிகின்றான். உடனே உயிர் துறக்கின்றான். அறிதலும் வீழ்ச்சியும் ஒருங்கு நிகழும் இவ்வமைப்பையே 11ஆம் அதிகாரம் சிறப்பிக்கின்றது. கொலையுண்டவன் அரசனுக்கு உறவினன் அல்லன் என்பதால் கிரேக்க அளவுகோல் இங்கு முற்றும் பொருந்தாது. எனினும், காக்கக் கடமைப்பட்டவனே கொன்றான் என்னும் நிலை, தமிழ்க் காப்பியத்தில் அவ்வுறவின் இடத்தை நிரப்புகின்றது.

'துன்பியல்' என்னும் பெயரை இனி மாற்றுதல் எளிதன்று. அப்பெயரைக் கொண்டு முடிவை மட்டுமே அளக்கும் வழக்கத்தைக் கைவிடுதல் இயலும்.