அறுநூறு கிராமும் ஜெர்மன் கமெண்ட்டும்

பழைய கோடைப் புதுப்பிப்பது பற்றி யார் பேசினாலும் எனக்கு 600 என்ற எண் ஞாபகத்துக்கு வந்துவிடும்.

பல வருடங்களுக்கு முன்னால் அரிசி ஆலைக்கான ஸ்டாக் கணக்கு மென்பொருள் ஒன்றை நாலு பேர் சேர்ந்து புதிதாக எழுதினோம். பழையது விஷுவல் பேசிக்கில் இருந்தது. எழுதியவர் எப்போதோ வேலையை விட்டுப் போய்விட்டார். அவர் கோடில் ஒரு இடத்தில், ஒவ்வொரு மூட்டையின் எடையிலிருந்தும் 600 கழிக்கப்பட்டது. ஏன் என்று ஒரு வரி கமெண்ட் கிடையாது. "யாரோ டெஸ்டிங்குக்குப் போட்டு மறந்திருக்காங்க" என்று சொல்லி அதைத் தூக்கியவன் நான்தான். மாதக் கடைசியில் ஆலையிலிருந்து போன். "தம்பி, உங்க கம்ப்யூட்டர் சாக்கையும் சேர்த்து அரிசின்னு காட்டுது." காலிச் சாக்கின் எடைதான் அந்த 600 கிராம். ஆயிரம் மூட்டைக்கு 600 கிலோ, இல்லாத அரிசி.

அந்த அடிக்குப் பிறகு, பெரிய மென்பொருள்களை எப்படிப் புதுப்பிக்கிறார்கள் என்று படித்துப் பார்ப்பது ஒரு பழக்கமாகிவிட்டது. அதில் நான் அதிக நாள் செலவழித்தது லிப்ரேஆஃபீஸ் கோடில். பங்களித்தவன் இல்லை, வெறும் வாசகன். ஒரு வாசகனாக எனக்கு அதன் மேல் பெரிய மரியாதையும் உண்டு, ஒரு புகாரும் உண்டு.

முதலில் பின்னணி. 1980களில் ஜெர்மனியில் மார்கோ போரிஸ் என்ற இளைஞர் தொடங்கிய ஸ்டார்டிவிஷன் நிறுவனத்தின் ஸ்டார்ஆஃபீஸ்தான் இதன் மூலம். 1999இல் சன் நிறுவனம் அதை வாங்கி, 2000இல் ஓப்பன்ஆஃபீஸ் என்று கோடைத் திறந்துவிட்டது. சன்னை ஆரக்கிள் வாங்கியதும், 2010 செப்டம்பரில் ஒரு குழு பிரிந்துபோய் லிப்ரேஆஃபீஸைத் தொடங்கியது. அவர்கள் கையில் கிடைத்தது பல லட்சம் வரி சி++. அதில் ஆயிரக்கணக்கான கமெண்ட்டுகள் ஜெர்மன் மொழியில்.

இந்த இடத்தில் என்னை மாதிரி ஆள் இருந்திருந்தால் என்ன செய்திருப்பான்? "யாருக்கும் புரியலை, அழிச்சிடு" என்றிருப்பான். அவர்கள் அழிக்கவில்லை, மொழிபெயர்த்தார்கள். ஜெர்மன் கமெண்ட் எங்கே மிச்சமிருக்கிறது என்று தேடிக் கொடுக்க ஒரு ஸ்கிரிப்ட் எழுதி, "ஈஸி ஹேக்" என்ற பெயரில் புதியவர்களுக்கான வேலையாக அதை வைத்தார்கள். ஜெர்மன் தெரிந்த, ஆனால் சி++ஸில் பெரிய புலி இல்லாத ஒருவர்கூட உள்ளே வரலாம். முடிக்கப் பல ஆண்டுகள் ஆயின. என் கணக்கில் அவர்கள் செய்த நவீனப்படுத்தலிலேயே பெரியது இதுதான். ஒரு வசதிகூட இதனால் கூடவில்லை. ஆனால் ஒரு வரி ஏன் அங்கே இருக்கிறது என்பது ஜெர்மன் படிக்கத் தெரிந்த சிலரிடமிருந்து எல்லோருக்கும் போய்ச் சேர்ந்தது.

தூக்கவும் செய்தார்கள், தாராளமாகவே. யாரும் அழைக்காத ஃபங்ஷன்கள் ஆயிரக்கணக்கில் போயின. ஆனால் கண்ணால் பார்த்து "இது தேவையில்லாத மாதிரி இருக்கே" என்று தூக்கவில்லை. கம்பைலர் தரும் அசெம்பிளி வெளியீட்டை அலசி, உண்மையிலேயே யாரும் அழைக்கவில்லை என்று கருவி காட்டிய பிறகுதான் கை வைத்தார்கள். கம்பைலருக்கே சொந்தமாக பிளகின்கள் எழுதி இந்த மாதிரிச் சோதனைகளை ஓட்டுகிறார்கள். நான் 600ஐத் தூக்கியதற்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் புரிகிறதா? என்னிடம் இருந்தது ஊகம். அவர்களிடம் இருந்தது ஆதாரம்.

"இதெல்லாம் யூசருக்கு எதுக்கு?" என்று மேனேஜர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். மூன்று உதாரணம் சொல்கிறேன்.

ஒன்று, பழைய ஸ்ட்ரிங் கிளாஸ். நீளத்தை 16 பிட்டில் வைத்திருந்ததால் ரைட்டரில் ஒரு பத்தி சுமார் 65,000 எழுத்தைத் தாண்ட முடியாது. அந்த கிளாஸை கோடு முழுவதிலிருந்தும் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடுங்கிய பிறகுதான், 2014இல் 4.3 பதிப்பில் அந்த எல்லை உடைந்தது.

இரண்டு, டயலாக் பெட்டிகள். பழைய கோடில் ஒவ்வொரு பட்டனுக்கும் இடமும் அகலமும் எண்ணாக எழுதி வைத்திருந்தார்கள். மொழிபெயர்த்த சொல் நீளமாக இருந்தால் ஓரத்தில் வெட்டுப்படும். தமிழ்ச் சொற்களின் நீளம் நமக்குத் தெரியாததா! சொல்லுக்கு ஏற்ப விரியும் வடிவத்துக்கு நூற்றுக்கணக்கான டயலாக்குகளை ஒவ்வொன்றாக மாற்றினார்கள்.

மூன்று, எழுத்துரு வேலை. 'கொ' என்று அடித்தால் கொம்பு முன்னாலும் கால் பின்னாலும் போய் நிற்க வேண்டும். இதைச் செய்ய லினக்ஸில் ஒரு எஞ்சின், விண்டோஸில் ஒன்று, மேக்கில் ஒன்று என்று தனித்தனி கோடு இருந்தது. 2017இல் 5.3 பதிப்பில் எல்லாவற்றுக்கும் ஹார்ஃப்பஸ் என்ற ஒரே எஞ்சின் வந்தது. உள்ளே இருந்த மூன்று வழியை ஒன்றாக்கியதன் பலன் இது.

சரி, இனி புகார்.

பழைய கம்பைலர்களை நம்ப முடியாத காலத்தில் ஸ்டார்ஆஃபீஸ்காரர்கள் சொந்தமாக 'சால்_பூல்' என்று ஒரு டைப் வைத்திருந்தார்கள். அதைச் சாதாரண 'பூல்' ஆக்கியது சரியான காரியம். ஆனால் இந்த மாதிரி இயந்திரத்தனமான மாற்றங்கள் கோடு முழுவதும், அலை அலையாக, திரும்பத் திரும்ப வந்திருக்கின்றன. விளைவு என்ன? ஒரு வினோதமான வரியைப் பார்த்து, இது ஏன் வந்தது என்று தெரிந்துகொள்ள 'கிட் பிளேம்' ஓட்டினால், வரி எழுதப்பட்ட காரணம் வராது. "பெயர் மாற்றம்", "இடைவெளி சரிசெய்தல்" என்று கடைசியாகத் துடைத்தவரின் குறிப்புதான் வரும். ஒவ்வொரு அடுக்காக உரித்துப் பின்னால் போக வேண்டும். இந்த மாதிரி கமிட்டுகளை பிளேம் தாண்டிப் போக கிட்டில் வசதி உண்டு என்பார்கள். உண்டு. அந்தப் பட்டியலை யார் உட்கார்ந்து பராமரிப்பது? கமெண்ட்டை மொழிபெயர்த்துக் காரணத்தைக் காப்பாற்றிய அதே திட்டம், இன்னொரு கையால் காரணத்தின் மேல் வெள்ளையடிக்கிறது. சுவர் பளிச்சென்று இருக்கிறது, கல்வெட்டு எங்கே என்றுதான் தேட வேண்டியிருக்கிறது.

"அப்போ தொடாமலே விட்டுடலாமா?" அதற்கும் உதாரணம் பக்கத்திலேயே இருக்கிறது. அதே மூலத்திலிருந்து வந்த அப்பாச்சி ஓப்பன்ஆஃபீஸ் 2014இல் 4.1 பதிப்பை வெளியிட்டது. அதற்குப் பிறகு வருவதெல்லாம் அதே 4.1 வரிசையில் சின்னச் சின்னத் திருத்தங்கள்தான். அங்கே கல்வெட்டு அப்படியே இருக்கலாம். ஆனால் படிக்க ஆள் வருவதில்லை. எனவே என் புகார் வெள்ளையடிப்பதைப் பற்றி அல்ல, அடிப்பதற்கு முன் படியெடுக்காததைப் பற்றி. வினோதமான வரி மேல் கை வைக்கும் நேரத்தில், காரணத்தைத் தோண்டி ஒரு வரி கமெண்ட்டாக எழுதிவிட்டால் போதும். கருவி அதைச் செய்யாது, ஆள்தான் செய்ய வேண்டும்.

நான் அந்த 600ஐத் திரும்பப் போட்டபோது மேலே எழுதினேன்: "காலிச் சணல் சாக்கின் எடை, கிராமில்." சில வருடம் கழித்து ஆலை பிளாஸ்டிக் சாக்குக்கு மாறியது. அது சணலில் கால் பங்கு எடைகூட இருக்காது. அப்போது நான் அந்த வேலையில் இல்லை. புதிதாகச் சேர்ந்த பையன் அந்த கமெண்ட்டைப் படித்துவிட்டு, யாரையும் கேட்காமல், எண்ணை மாற்றிவிட்டானாம்.