மீண்டவரும் இருந்தவரும்

பிரிவும் மீட்சியும் நம் அகப்பாடல்களின் பழம்பொருள்கள். தலைவன் பொருள் தேடிப் பிரிவான். தலைவி அவன் குறித்த பருவம் வரும்வரை ஆற்றியிருப்பாள். அவ்விருத்தலையே முல்லைக்கு உரிப்பொருளாக வகுத்தனர் நம் முன்னோர். இவ்வமைப்பு, ஊர் மீளும் காதலரைப் பற்றிய கொரியத் தொலைக்காட்சி நாடகம் ஒன்றில் தலைகீழாய் நிற்பதைக் காட்டுதலே இக்கட்டுரையின் நோக்கம். கல்லூரி மலரில் ஆராய்தற்கு இஃது உரிய பொருளோ என வினவுவார் உளர். நம் மாணவர் உறக்கம் விட்டுப் பார்ப்பதை நாமும் பார்த்துக் குணமும் குற்றமும் கூறுதல் ஆசிரியர் கடனேயாம்.

‘சம்தல்ரிக்கு நல்வரவு’ என்னும் அந்நாடகம் 2023 டிசெம்பர் முதல் 2024 ஜனவரி வரை 16 பகுதிகளாக ஒளிபரப்பாயிற்று. ஜேஜுத் தீவின் கடற்கரைச் சிற்றூரிற் பிறந்த சம்தல், தலைநகராகிய சியோலிற் புகைப்படக் கலைஞராய்ப் பெரும் புகழ் பெறுகிறாள். உதவியாளர் ஒருத்தி சுமத்திய பழியால் தொழிலும் பெயரும் இழந்து ஊர் திரும்புகிறாள். அங்கே அவளுடைய முன்னாட் காதலன் யோங்பில் வானிலை முன்னறிவிக்கும் பணியில் இருக்கின்றான்.

ஆகவே, இங்கே பொருள்வயிற் பிரிந்தவள் தலைவி, ஆற்றியிருந்தவன் தலைவன். நிலமோ நெய்தல், ஒழுக்கமோ முல்லை. யோங்பிலின் காத்திருப்பிற் புலம்பல் இல்லை. கடலையும் காற்றையும் நோக்கி, கடலில் இறங்கும் மகளிரைக் காப்பதே அவன் நாள்வினை. இருத்தல் என்பது வாளா இருத்தலன்று; ஊரைப் பேணுதலும் அதனுள் அடங்கும் என்பதை ஆசிரியர் விரித்துரையாமலே உணர்த்துகிறார்.

சம்தலின் தாய் கோ மிஜா அக்கடல்மகளிருள் ஒருத்தி. மன்னாரில் முத்துக் குளித்தோர் ஆடவர். ஜேஜுவில் மூழ்குவோர் மகளிர். சுவாசக் கருவியின்றி மூச்சடக்கி மூழ்கும் அவர்தம் மரபை யுனெஸ்கோ 2016 இல் மானிடப் பண்பாட்டு மரபுரிமைப் பட்டியலிற் சேர்த்தது. யோங்பிலின் தாயும் மிஜா என்னும் பெயரினள். கோ மிஜாவின் உயிர்த்தோழி. இருவரும் ஒருங்கே மூழ்கிய நாளொன்றில் அவள் மாண்டாள். அவள் கணவன் அப்பழியைத் தோழிமேற் சுமத்தி, மக்களின் காதலையும் தடுக்கிறான். கோ மிஜாவோ அதனை வாய் திறவாது தாங்குகிறாள். நகைச்சுவைக் காட்சிகளுக்கு அடியில் ஓடும் இத்துயரே நாடகத்தின் உயிர்நாடி.

குற்றமும் உண்டு. சம்தலின்மீது சுமத்திய பழி நீங்கும் பகுதியில் தீயோர் முற்றும் தீயோராய் வரையப்பட்டுள்ளனர். கிழவனின் மனமாற்றத்தைப் படிப்படியாய் வளர்த்த ஆசிரியர், இங்கே அவ்வுழைப்பைத் தவிர்த்துவிட்டார். அதனால் அவ்வெற்றி நெஞ்சில் நிற்கவில்லை.

இனி, வெள்ளவத்தைத் தொடர்மாடிகளில் வாழும் நமக்கு இந்நாடகம் தரும் உறுத்தல் ஒன்றுண்டு. சம்தல் திரும்பியபோது அவள் ஊர் அங்கே இருந்தது. யாழ்தேவி 1990 இல் யாழ்ப்பாணத்தை விட்டு நின்றது. மீண்டும் அங்கே சென்றது 2014 ஒக்டோபரில். அவ்விருபத்து நான்கு ஆண்டின் பின் ஊர் பார்க்கச் சென்ற நம்மவருட் பலர் கண்டது கூரையிழந்த சுவரும் தூர்ந்த கிணறும். நானும் அவருள் ஒருவன். வேலியோரத்து முதியவள் ஒருத்தி என் பெயர் சொல்லி அழைத்திராவிடில், அதனை என் வளவென்றே அறிந்திருக்கமாட்டேன். அவள் எங்கும் போகவில்லை. அவளிடம் நான் என் கொழும்பு வாழ்வின் இடர்களையே நெடுநேரம் சொன்னேன். அவள் அவ்வாண்டுகளை எங்ஙனம் கழித்தாள் என்று ஒரு சொல்லும் கேட்டிலேன்.

மீட்சிக் கதைகள் மீண்டவரையே பாடுவன. இந்நாடகம் இருந்தவரையும் உடன் பாடியது. அதுவே அதன் சிறப்பு. அடுத்த விடுமுறையில் ஊர் செல்லும் மாணவர், தாம் கண்டதை உரைக்குமுன் இருந்தவர் கண்டதைக் கேட்பாராக.