ஸ்டைனரின் முடிச்சு

மகளுக்காகத் துணிப்பொம்மை தைக்கப் பழகிக்கொண்டிருக்கிறேன். இதற்கான குறிப்புகளைத் தேடிப்போனால் பெரும்பாலும் வால்டார்ஃப் பொம்மையில்தான் போய் நிற்க வேண்டியிருக்கு. அதன் வேர், குழந்தைக் கல்வி பற்றி ருடால்ஃப் ஸ்டைனர் 1907-இல் எழுதிய கட்டுரை. முதல் வால்டார்ஃப் பள்ளி ஸ்டுட்கார்ட்டில் தொடங்கியது 1919-இல்தான்.

ஸ்டைனர் சொன்னது ரொம்ப எளிது. ஒரு பழைய துண்டின் இரண்டு முனை கால், இரண்டு முனை கை, ஒரு முடிச்சு தலை. கண், மூக்கு, வாய்க்கு மைப்புள்ளிகள். அவ்வளவுதான். மீதியைக் குழந்தையின் கற்பனை நிரப்பிக்கொள்ளும். 'அழகான' பொம்மை அந்த வேலையைப் பறித்துவிடும், மூளை வளர்ச்சியே கெடும் என்கிறார். மூளை பற்றிய இந்தப் பேச்சுக்கு அவர் ஆதாரம் தரவில்லை, அதை ஒதுக்கிவிடலாம். முடிச்சை ஒதுக்க முடியாது.

இன்றைய வால்டார்ஃப் பொம்மைக்கு ஆட்டுரோமத்தை இறுக்கி உருட்ட வேண்டும். கண் மட்டத்தில் குறுக்கே நூல் கட்டி, நெற்றியையும் கன்னத்தையும் பிரிக்க வேண்டும். மேலே போர்த்தும் பனியன் துணியை, அது இழுபடும் பக்கம் பார்த்து வெட்ட வேண்டும். முகத்துக்கு மட்டும் இரண்டு மூன்று தையல். ஸ்டைனரின் புள்ளிகள் பிழைத்துவிட்டன, முடிச்சு போய்விட்டது.

முடிச்சு குழந்தையின் கண்ணெதிரே ஒரு நிமிஷத்தில் விழும், அவிழ்த்தால் மறுபடி துண்டாகிவிடும். அதில் பெரியவர்களின் உழைப்பு கொஞ்சம்தான், அதனால் குழந்தைக்குக் கடனும் இல்லை. டொனால்ட் வினிகாட் 1953-இல் வெளியிட்ட கட்டுரை இங்கே உதவுகிறது: குழந்தை பற்றிக்கொள்ளும் பொருள் அதன் அன்பையும் வெறுப்பையும் சேர்த்தே தாங்க வேண்டும், நாற்றமடித்தாலும் அம்மா அதைத் துவைக்காமல் விடுகிறாள். மூன்று வாரம் உட்கார்ந்து தைத்த பொம்மையை அப்படி விட மனசு வருமா? "அழுக்காக்காதேடி" என்று வாய் தானாகச் சொல்லும். அப்போது பொம்மை யாருடையது?

தைக்க வேண்டாம் என்று சொல்லவில்லை. சின்னக் குழந்தை பார்த்துச் செய்தே கற்கிறது என்பதும் அதே 1907 கட்டுரையில் இருக்கிறது. ராத்திரி ஒளித்துவைத்துத் தைத்து, பிறந்தநாளில் நீட்டும் பொம்மையில் அது கிடைக்காது. அதனால் பழைய வேட்டியைக் கிழித்து, பகலில், அவள் பக்கத்திலேயே தைக்கிறேன். கோணலாக வந்தாலும், அவள் இழுத்துப் பிய்த்தால் மறுபடி தைக்கலாம். கையில் ஊசி கொடுக்கும் வயது வந்ததும் அவளே தைப்பாள்.