கரண்ட் போனால் எது மிஞ்சும்?

ராசிபுரத்தில் மத்தியானம் கரண்ட் போனால் என் மேசைக் கணினியும் கூடவே அணையும். யுபிஎஸ் பேட்டரி செத்து ரொம்ப நாளாயிற்று. கரண்ட் வந்ததும் டெர்மினலில் பாஷ் ஷெல்லைத் திறந்து மேல் அம்புக்குறியைத் தட்டினால் நேற்று கடைசியாக அடித்த கட்டளை வருகிறது. காலையிலிருந்து அடித்தது ஒன்றுமில்லை. நாம் அடிக்கும் கட்டளைகளை வாங்கி இயக்கும் இந்த ஷெல்லை மூடும்போதுதான் பாஷ் தன் கட்டளை வரலாற்றைக் கோப்பில் எழுதும். மின்வெட்டு அதுவரை காத்திருக்காது.

அதற்காகப் பாஷைத் தள்ளிவிடலாமா?

2005இல் வந்த ஃபிஷ் என்ற ஷெல் இந்த விஷயத்தில் கெட்டிக்காரன். கட்டளைகளை அவ்வப்போதே எழுதிவிடும்; பாதி அடித்தால் மீதியைச் சாம்பல் நிறத்தில் காட்டும். ஆனால் பாஷ் பாணியில் 'எக்ஸ்=3' என்று அடித்தால் ஏற்காது, 'செட் எக்ஸ் 3' என்று எழுதச் சொல்லும். பாடப்புத்தகத்தைப் பார்த்து அடிக்கும் பையன் முதல் வரியிலேயே திகைத்து நிற்பான்.

2019இல் ஆப்பிள் தன் மேக் இயங்குதளத்தின் கேட்டலினா பதிப்பில் ஸிஷ் என்ற இன்னொரு ஷெல்லை இயல்பு ஷெல்லாக்கியதை அதன் உயர்வுக்குச் சான்றாகக் காட்டுவார்கள். அதுவரை அங்கே இருந்தது 2006இல் வந்த பாஷ் 3.2. பாஷ் 4 முதல் உரிமம் ஜிபிஎல் 3. மாற்றத்துக்கு அந்த உரிமமே காரணம் என்பது பரவலான கணிப்பு. அமைப்புக் கோப்பு எதுவும் இல்லாத வெறும் ஸிஷ் வரலாற்றைச் சேமிப்பதே இல்லை!

இயல்பு ஷெல் என்றால் நம்மூர்க் கதையையும் பார்க்கலாம். 2011இல் தமிழக அரசு மாணவர்களுக்குக் கொடுத்த மடிக்கணினிகளில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்தது. சென்னை சி-டாக் நிறுவனத்தில், டெபியன் லினக்ஸை வைத்து உருவானது அது. (பாஸ் வேறு, பாஷ் வேறு, பெயர் வைத்தவர்களைச் சொல்ல வேண்டும்.) டெபியன் வழியில் வந்ததால் பயனருக்குக் கிடைத்ததும் பாஷ்தான். அது சரியான தேர்வு என்பேன். இயல்பு ஷெல் என்பது தானாகத் தேர்ந்தெடுக்கத் தெரியாதவருக்கானது. இங்கே பழகியது நாளைக்கு எந்த லினக்ஸ் சர்வரில் உட்கார்ந்தாலும் அநேகமாகக் கைகொடுக்கும்.

மின்வெட்டுக் குறைக்கு ஒரே வரி போதும்: பாஷ்ஆர்சி கோப்பில் பிராம்ப்ட் கமாண்ட் மாறிக்கு 'ஹிஸ்டரி -ஏ' என்று மதிப்புக் கொடுத்தால், ஒவ்வொரு கட்டளை முடிந்ததும் எழுதிவிடும். வட்டுக்குப் போய்ச் சேராத கடைசிச் சில கட்டளைகள் போகலாம், போகட்டும். கட்டளையில் கடவுச்சொல் அடித்தால் அதுவும் கோப்பில் ஏறும். டெபியனின் இயல்பமைப்பில் முன்னால் ஓர் இடைவெளி விட்டு அடித்தால் ஏறாது. ஆய்வகக் கணினியில் இதை முதல் நாளே சொல்லித்தர வேண்டும்.

ஆகவே ஊருக்குப் பாஷ், அந்த ஒரு வரியோடு. என் சொந்தக் கணக்கில் ஃபிஷ் வைத்திருக்கிறேன். ரூட் கணக்கில் மட்டும் கை வைக்கவில்லை; ஏதோ ஓர் அப்டேட்டில் ஃபிஷ் உடைந்தால் உள்ளே போய்ச் சரிசெய்ய ஒரு கதவாவது வேண்டுமே.