சோத்தாங்கைப் பக்கம்

கல்வராயன் மலையின் வெள்ளிமலையிலிருந்து பஸ் ஏறிக் கள்ளக்குறிச்சிக்கு வரும் பெரியவர் ஒருவர், “வயித்து மேல வலிக்குதுங்க” என்கிறார் என்று வைத்துக்கொள்வோம். மேல்வயிறா, வயிற்றுத் தோலா? தமிழில் ‘மேல்’ உயரத்தைச் சொல்லும், பரப்பைச் சொல்லும். ‘மேலெல்லாம் வலி’ என்றால் உடம்பையே சொல்லும். இரைப்பைக்கும் தோலுக்கும் ஒரே சொல் என்பது ஆபத்து.

உடற்கூறியல் இதற்கு ஒரு நிலையை வகுத்திருக்கிறது. நிமிர்ந்து நின்று, கைகளைத் தொங்கவிட்டு, உள்ளங்கையை முன்னே காட்டும் உடல். ஆள் படுத்திருந்தாலும் தலைப்பக்கம்தான் மேல். வலமும் இடமும் நோயாளியுடையவை. எதிரே நிற்பவருடையவை அல்ல.

இதையெல்லாம் தமிழில் சொல்லும் முயற்சி பழையது. 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிறீன், மானிப்பாயில் தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார். 1872இல் ‘மனுஷ அங்காதிபாதம்’ என்ற உடற்கூறியல் நூல் வெளிவந்தது. மகத்தான துணிவு அது. ஆனால் தலைப்பே காட்டிக்கொடுக்கிறது: நோயாளியின் வாயில் புழங்காத வடமொழித் தொடர். இன்றைய உடற்கூறியல் சொற்களான ‘அண்மை’ (proximal), ‘சேய்மை’ (distal) தூய தமிழ்தான். எதற்கு அண்மை என்று தனியே விளக்க வேண்டியிருப்பதால் அவையும் ஏட்டோடு நின்றுவிடுகின்றன.

பேச்சுத் தமிழோ பல இடங்களில் முந்திக்கொண்டிருக்கிறது. கையைத் தலைக்கு மேல் தூக்கிக் காட்டும்போதும் மணிக்கட்டை ‘முழங்கைக்குக் கீழே’ என்றுதான் சொல்வோம். தொங்கும் கையே நம் மனத்தில் இருக்கும் கை. உள்ளங்கை–புறங்கை, உள்ளங்கால்–புறங்கால் என்ற இணைகளில் குழப்பத்துக்கே இடமில்லை. சோத்தாங்கை, பீச்சாங்கை இன்னும் அருமை: எதிரே நிற்பவர் யாராயிருந்தாலும் அந்தப் பக்கம் நோயாளியின் உடலோடு ஒட்டியே இருக்கும். நாகரிகமில்லை என்று இச்சொற்களை ஒதுக்குவது பெரிய இழப்பு.

எல்லாச் சொல்லும் தேறவில்லை. ‘முழங்காலுக்கு உள்பக்கம்’ என்றால் மூட்டுக்குள்ளா, மற்றக் காலைப் பார்த்த பக்கமா? ‘இடுப்பு’ என்பதும் ஒருவருக்குக் குறுக்கு, இன்னொருவருக்குத் தொடை சேரும் இடம். இங்கே சொல்லை நம்பாமல், ஒரே விரலால் தொட்டுக் காட்டச் சொல்ல வேண்டும்.

கள்ளக்குறிச்சியை அடுத்த சிறுவங்கூரில் 2022 ஜனவரியில் திறக்கப்பட்ட அரசு மருத்துவக் கல்லூரியின் மாணவர்களுக்கு என் தீர்ப்பு இது: நோய்க்குறிப்பு உலகப் பொதுச்சொற்களிலேயே இருக்கட்டும், ‘மேல்’, ‘உள்’ இரண்டையும் விளக்கமின்றி ஏற்காதீர்கள், “சோத்தாங்கைப் பக்கமா, பீச்சாங்கைப் பக்கமா?” என்று கூச்சமின்றிக் கேளுங்கள்.